மாறக்கூடாத மூளை

மூளை ஆய்வு மையத்துக்குள் நுழைய மூளை தேவையில்லை, அடையாள அட்டை இருந்தால் போதும். காவலாளி அதைத்தான் கேட்பார். அட்டையை நீட்டினால் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். நீட்டாவிட்டால், உள்ளே உலகத்தின் எல்லா நரம்பு நோய்களுக்கும் விடை இருந்தாலும் நீங்கள் வெளியே வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

குடைக்காரரும் அவர் மனைவியும் அப்படித்தான் நின்றார்கள். குடைக்காரர் என்றதும் குடை விற்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில் நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஜனங்கள் அதிகம் தவறவிடுவது குடையைத்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மா இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வந்த காரணம் மனைவியின் வலது கை. அவள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். க்ரீம் பையை ஒரு அழுத்து அழுத்தினால் எழுத்து முத்து முத்தாக விழும். கொஞ்ச காலமாக அந்தக் கை அவள் பேச்சைக் கேட்பதில்லை. மடியில் சும்மா வைத்திருந்தாலும் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் 'வாழ்த்துகள்' என்று அவள் எழுதியதைப் பார்த்து, இது எந்த மொழி என்று கேக் வாங்க வந்தவர் கேட்டுவிட்டார். முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பெரிய கேக்குகள் எல்லாம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேஜைக்குப் போயின.

"கை ஆடினா ஆடட்டும். அந்தப் பொண்ணோட எழுத்தைத்தான் பார்க்கச் சகிக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான், எதற்கும் அசையாத குடைக்காரர் வேலைக்கு லீவு போட்டார்.

குடைக்காரர் தன் ரயில்வே அட்டையைத் தேடியெடுத்து நீட்டி இருவரும் உள்ளே போனதும் மெலிந்த உடம்பும் மெல்லிய குரலுமாக ஓர் அலுவலர் வந்தார். "அம்மாவை டாக்டர் பார்க்கணும்னா, அம்மா வயசுல ஆரோக்கியமான ஒருத்தரை நீங்க கூட்டிட்டு வரணும் சார். ரெண்டு மூளையையும் ஒப்பிட்டாத்தான் எது நோய்னு எங்களுக்குத் தெரியும்."

"கை நடுங்குறது தெரியுதே சார்" என்றார் குடைக்காரர்.

"அது உங்களுக்குத் தெரியுது. மையத்துக்குத் தெரியணும்ல? எங்க பெரிய பிரச்சனையே, ஆரோக்கியமா இருக்கிறவங்க யாரும் இங்க வர மாட்டேங்குறாங்க." சொல்லிவிட்டு அவர் குடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது வியாதி இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது. "எதையும் நினைக்காதீங்க" என்றது ஒலிபெருக்கி. இப்படிச் சொன்னால் சாதாரண மனிதர்களுக்கு அந்த நொடியில்தான் மூக்கு அரிக்கும், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும், செத்துப்போன பெரியப்பா ஞாபகத்துக்கு வருவார். குடைக்காரர் சொன்னதைச் செய்தார். அவர் எதையும் நினைக்கவில்லை.

வெளியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டார், அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். கடைசியில் இயக்குநரே தேநீர்க் கோப்பையோடு வந்துவிட்டார். அவர் எங்கே நின்றாலும் அது மேடையாகிவிடும்.

"நண்பர்களே, இந்த மூளையைப் பாருங்கள். நினைவாற்றல் நடுத்தரம். கற்பனை நடுத்தரம். கோபம், ஆசை, பயம் எல்லாமே நடுத்தரம். குறிப்பிட்டுச் சொல்லும்படி இதில் ஒன்றுமே இல்லை. இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து நாம் தேடியது இதைத்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதை நான் கல்யாணமான புதுசுலயே சொல்லியிருப்பேனே" என்றாள் மனைவி. "யாரும் கேட்கல."

அன்றிலிருந்து குடைக்காரரின் மூளை அந்த மையத்துக்கு அளவுகோல் ஆனது. இதுவரை வெளியூர் மையங்களிடம் கடன் வாங்கிய ஆயிரக்கணக்கான நல்ல மூளைப் படங்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்து வந்தார்களாம். "சராசரிங்கிறது வெறும் கணக்கு சார். அதைக் கண்ணால பார்க்க முடியாது" என்று அலுவலர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "நீங்க வந்தது அந்தச் சராசரியே செருப்புப் போட்டுக்கிட்டு நடந்து வந்த மாதிரி இருக்கு."

பதிலுக்கு மையம் ஒரு சலுகை தந்தது. மனைவிக்கு மாதாமாதம் நரம்பு டாக்டரிடம் நேரம், வரிசையில் காத்திருக்க வேண்டாம். இது லேசுப்பட்ட சலுகை இல்லை. அந்த வரிசை அப்படி. மறதிக்காகப் பதிந்தவர்களில் பாதிப் பேர் பதிந்ததையே மறந்துவிட்டார்கள். அதனால் வரிசை வேகமாக நகர்கிறது என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். குடைக்காரர் மாறக் கூடாது.

"மாறக் கூடாதுன்னா?"

"புதுசா எதையும் கத்துக்கக் கூடாது. புதுப் பாஷை, புது விளையாட்டு, புதுப் பாட்டு எதுவும் வேண்டாம். ரொம்பக் கவலைப்படக் கூடாது, ரொம்பச் சந்தோஷப்படவும் கூடாது. இப்ப இருக்கிற மாதிரியே இருங்க சார், போதும்."

"அவருக்கு அது கைவந்த கலை" என்றாள் மனைவி.

நிஜமாகவே அது ஒன்றும் சிரமமாக இல்லை. அலுவலருக்குத்தான் சிரமம். அவருக்கு 'மாறாமை அலுவலர்' என்று பதவி உயர்வு கொடுத்து, குடைக்காரரைக் கண்காணிக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் குடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குடைக்காரர் சும்மா இருப்பதை உன்னிப்பாகப் பார்ப்பார். குடைக்காரர் வழக்கமாக வீட்டுக்குப் போகும் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். புது வழியில் போனால் மூளையில் புது வழி பிறந்துவிடுமாம். அதனால் அலுவலரே ஒரு பலகையைத் தூக்கி வந்து பள்ளத்தின் மேல் போட்டு, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். தெருவே வேடிக்கை பார்த்தது.

மையத்தின் கூடத்தில் குடைக்காரரின் மூளைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். நோயாளிகளிடம், 'நீங்கள் இவரிலிருந்து இவ்வளவு விலகியிருக்கிறீர்கள்' என்று சொல்லி அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மா அவரை நேரில் பார்த்ததும், "உங்களை விட்டு நான் ரொம்ப தூரம் போயிட்டேனாமே" என்று கேட்டார்.

"நான் எங்கயும் போகலைங்க, இங்கயேதான் இருக்கேன்" என்றார் குடைக்காரர். அந்த அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆய்வாளர்களுக்கும் ஆசை விடவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி ஒவ்வொருவராகக் குழாய்க்குள் படுத்துத் தங்கள் மூளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகம் கட்டுரை எழுதியவருக்கு உடனே சிகிச்சை தேவை என்று வந்தது. இயக்குநரும் ஒரு மாலை படுத்தார். அன்று இயந்திரம் பழுது என்று எழுதி வைத்தார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. நரம்பு டாக்டர் நல்ல மனுஷி, எப்போதும் களைத்துப்போன முகம், வளவளவென்று பேச மாட்டார். மனைவியின் கையைத் தன் கையில் பிடித்துப் பார்ப்பார், நடக்கச் சொல்வார், காற்றில் எழுதிக் காட்டச் சொல்வார். "இதுக்கு ஒரே மாத்திரை ஒரே அளவுன்னு கிடையாது. பார்த்துப் பார்த்து மாத்தணும். விடாம வாங்க" என்றார். அவர் அளவை மாற்ற மாற்றக் கையும் படிந்து வந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பழையபடி முத்து முத்தாக எழுதினாள். பெரிய கேக்குகள் அவள் மேஜைக்குத் திரும்பின. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, சுழி போடுவது எப்படி என்று அவளே சொல்லிக் கொடுத்தாள்.

காலை நேரம் மட்டும் கஷ்டம். எழுந்ததும் மாத்திரை போட்டாலும் அது வேலைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை சட்டை பட்டன் முதல் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அவள் தங்கைதான் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பின்னிவிட்டுப் போவாள். திடீரென்று தங்கையின் ஷிஃப்ட் காலை நேரத்துக்கு மாறியது.

"நீங்களே பின்னிடுங்க மாமா. மூணு பிரிவுதான். வலது பக்கத்தை எடுத்து நடுவுல போடுங்க, இடது பக்கத்தை எடுத்து நடுவுல போடுங்க. இதுல என்ன இருக்கு?" என்றாள் கொழுந்தியாள்.

என்ன இருக்கிறது என்று மறுநாள் தெரிந்தது. வலது எது இடது எது என்று குழம்பி, ஒரு பிரிவு கையை விட்டு நழுவி, கடைசியில் கப்பலைக் கட்டும் கயிறு மாதிரி ஒன்று முதுகில் தொங்கியது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்த மனைவி, "இதைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்கே ஏறலாம் போலிருக்கே" என்றாள். குடைக்காரர் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அடுத்த நாளும் பின்னினார். மெல்ல மெல்ல விரல்களுக்கு வழி பிடிபட்டது. சிக்கை இழுக்காமல் எடுக்கத் தெரிந்தது, எங்கே இறுக்கி எங்கே விட வேண்டும் என்று தெரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேக்கரி வம்பெல்லாம் பேசுவாள், இவர் பின்னால் நின்று பின்னுவார். இத்தனை வருஷ வாழ்க்கையில் காலை எப்போது விடியும் என்று அவர் காத்திருந்தது அந்த நாட்களில்தான். அவர் சந்தோஷமாக இருந்தார். அது நிபந்தனைக்கு விரோதம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த முறை குழாய்க்குள் படுத்துவிட்டு வெளியே வந்தபோது, மாறாமை அலுவலர் வெளிறிப்போய் நின்றார். "சார், கை விரல்களுக்கான பகுதி தடிச்சிருக்கு. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"யோசிச்சுச் சொல்லுங்க சார், என் வேலை போயிடும்."

குடைக்காரர் யோசித்தார். "பின்னல் போடக் கத்துக்கிட்டேன்."

உடனே, எது இயல்பு என்று தீர்மானிக்கும் மையத்தின் இயல்புநிலைக் குழு அவசரமாகக் கூடியது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். குடைக்காரரையும் மனைவியையும் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே, நிலைமை கவலைக்கிடம். அளவுகோல் நகர்ந்துவிட்டது. கணினி எல்லா நோயாளிகளையும் மறுபடி ஒப்பிட்டதில், பாதிப் பேருக்கு நேற்றிலிருந்து நோய் முற்றிவிட்டது. இரண்டாவது வார்டில் இருக்கும் சிகையலங்காரப் பெண்மணி ஒருவர் பூரணமாகக் குணமாகிவிட்டார். அவரைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்."

"அவங்களுக்கு இன்னும் பேச்சு வரல சார்" என்று மாறாமை அலுவலர் மெதுவாகச் சொன்னார்.

"அது அவர் தனிப்பட்ட விஷயம்" என்ற இயக்குநர் தொடர்ந்தார். "மனித மூளை எந்த வயதிலும் மாறிக்கொண்டே இருக்கும், புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்கும் என்பது நம் மையம் உலகுக்குத் தந்த மகத்தான உண்மை. அதற்காகத்தான் எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் அதை யாரும் நம் கட்டடத்துக்குள் செய்யக் கூடாது. இந்தப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து என் மூளையில் புதிதாக ஒரு எண்ணம்கூட நுழைந்ததில்லை. என்னால் முடிகிறது, இவரால் ஏன் முடியாது?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் இந்த நியாயத்தை ஆமோதித்தார்கள். பின்னலை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வீக்கம் வற்றிவிடும் என்று முடிவானது. நிறுத்தாவிட்டால் சலுகை ரத்து, மனைவி மற்றவர்களைப் போல வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். குழுவில் ஒருவர் கருணையோடு இன்னொரு யோசனையும் சொன்னார். "அம்மா முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா பிரச்சனையே இல்லையே."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவளே சொன்னாள். "பின்ன வேண்டாம், விடுங்க. டாக்டரை விட்டா கை போயிடும். கை போனா வேலை போயிடும். முடியை என்னமோ பண்ணிக்கலாம்."

அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கும் பட்டது. நிறுத்தினார். அவள் முடியை ரப்பர் பேண்டுக்குள் எப்படியோ திணித்து, பேக்கரித் தொப்பியால் மூடிக்கொண்டு போனாள். காலை நேரம் நீளமாகவும் பேச்சில்லாமலும் போனது. குடைக்காரர் அறையில் போய் உட்கார்ந்தார். முன்பு போல அவரால் சும்மா இருக்க முடியவில்லை. யாரோ தவறவிட்ட பையில் மூன்று கயிறுகள் தொங்கினால் விரல் தானாக அங்கே போகும். எதிரே ஸ்டூலில் இருக்கும் அலுவலர் தொண்டையைக் கனைப்பார், இவர் கையை எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். மனைவி கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். வலது கை ஆடிய ஆட்டத்தில் கத்தரிக்கோல் முடியைப் பிடிக்காமல் கண்ணாடியிலும் சுவரிலும் தட்டிக்கொண்டிருந்தது.

"இதைக்கூட வெட்ட முடியல என்னால" என்றாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

அவருக்கு வந்த கோபம் நடுத்தரமானது இல்லை. யார் மேல் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலை வாங்கி அலமாரிக்கு மேல் எறிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரு."

"வேண்டாங்க. அடுத்த வாரம் அவங்க உங்களைப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். உட்காரு சொல்றேன்."

சிக்கை எடுக்கவே வெகுநேரம் ஆனது. அன்றைக்கு அவர் போட்ட பின்னலைப் போல அவள் தங்கைகூடப் போட்டதில்லை.

குழாய்க்குள் மறுபடி படுக்க வைத்தார்கள். "எதையும் நினைக்காதீங்க" என்றது ஒலிபெருக்கி. குடைக்காரர் கண்ணை மூடி, மனசுக்குள் வலது பிரிவை எடுத்து நடுவில் போட்டார், இடது பிரிவை எடுத்து நடுவில் போட்டார். நுனி வரைக்கும் பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினார். வெளியே திரையில் பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரி வெளிச்சம்.

குழு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குடைக்காரரை அளவுகோல் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இனிமேல் நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டர் மூளையே அளவுகோல் என்று இயக்குநர் அறிவித்தார். "அது எந்தச் சூழ்நிலையிலும் மாறாது. அதற்கு மனைவியும் கிடையாது" என்றார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

தம்பதி இருவரும் கூடத்துக்கு வந்தபோது மாறாமை அலுவலர் பின்னாலேயே ஓடி வந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அம்மாவோட நேரத்தை ரத்து பண்ணிட்டாங்க சார். வரிசையில கடைசிக்குப் போட்டாச்சு. இனிமே எப்பக் கூப்பிடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது."

நானே கெடுத்துவிட்டேனே என்று குடைக்காரர் நினைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னொரு விஷயம்" என்று அலுவலர் தயங்கினார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க கம்ப்யூட்டர்ல ரெண்டே வகைதான் சார். ஒண்ணு அளவுகோல், மத்தவங்க எல்லாம் நோயாளி. உங்க பேரை அங்கேருந்து எடுத்ததும் அதுவா உங்களை நோயாளியாக்கிடுச்சு. பின்னல் நோய்னு பேர் வச்சிருக்காங்க. உலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் இருக்காம். அரிய நோய்ங்கிறதால முன்னுரிமை. டாக்டர் உங்களை இப்பவே பார்க்கணும்."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே."

"அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க." அலுவலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நோயாளியோட துணைக்கு ஒருத்தர் உள்ள போகலாம். அதைத் தடுக்க எந்த விதியும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

குடைக்காரர் அப்போதுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே புடவையைச் சரிசெய்துகொண்டு டாக்டர் அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

டாக்டர் களைத்த முகத்தோடு நிமிர்ந்தார். நோயாளி நாற்காலியில் குடைக்காரர், துணைக்கு வந்தவர் நாற்காலியில் மனைவி. மடியில் அவள் கை ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க" என்றார் டாக்டர். "உங்களுக்கு என்ன செய்யுது?"

"இவளுக்குக் கை நடுங்குது டாக்டர்" என்றார் குடைக்காரர்.

டாக்டர் பேனாவை மேஜை மேல் வைத்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மனைவியின் கையை வழக்கம்போலத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், காற்றில் எழுதச் சொன்னார். அவள் 'வாழ்த்துகள்' என்று எழுதிக் காட்டினாள். காலையில் கை இறுகிப்போவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மாத்திரையைக் கொஞ்சம் கூட்டணும். இனிமே மாசாமாசம் விடாம வாங்க." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "ஆனா சீட்டுல யார் பேருக்கு எழுதுறது?"

"என் பேருக்கே எழுதுங்க டாக்டர்" என்றார் குடைக்காரர். "இவ சாப்பிடுவா."